நிலையானது என்றால் புதியதைத் தெரியாததா?

லினக்ஸ் இயங்குதளங்களில் டெபியனை நம்பலாம். ஏறத்தாழ இரண்டு வருசத்துக்கு ஒருக்கா புதிய பதிப்பு வரும். வந்தபிறகு சும்மா சும்மா மாறாது. சேர்வர் வைத்திருப்பவருக்கு அது வரம். புது லப்டொப் வாங்கினவருக்கு?

2023 ஜூனில் வந்த டெபியன் 12 இல், வன்பொருளோடு பேசும் கேர்னல் 6.1. 2025 ஓகஸ்டில் அடுத்த பதிப்பு வரும்வரை இன்ஸ்டோலரிலும் அதேதான். இடையில் சந்தைக்கு வந்த சில வைபை சிப்புகளை அதுக்குத் தெரியாது. புதிய கேர்னல் ‘பக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தில் இருக்குத்தான். அதை இறக்க இணையம் வேணும். இணையத்துக்கு வைபை வேணும். வைபைக்கு அந்தக் கேர்னலே வேணும்! போனை யூஎஸ்பியால் கொழுவிச் சமாளிக்கலாம். முதல்தடவை வாற ஆளுக்கு அது எப்பிடித் தெரியும்?

“உறுதி கெட்டுவிடும்” என்பார்கள். பழைய இன்ஸ்டோலரைத் தூக்கச் சொல்லவில்லையே. பக்கத்தில் புதிய கேர்னலோடு இன்னொன்றையும் வையுங்கள். உபுண்டு தன் நீண்டகாலப் பதிப்புகளுக்கு இடைக்கிடை அப்படி வெளியிடுகிறது. டெபியனும் 2008 இல் ‘எட்ச்’ பதிப்புக்குள் 2.6.24 கேர்னலை விருப்பத் தெரிவாகச் சேர்த்தது. ‘எட்ச்’ ஒன்றும் இடிந்து விழவில்லை.

கட்டற்ற மென்பொருளைத் தேடி வாறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிப்போட்டு, உள்ளே வீடு உறுதியாக இருக்குது என்று சொல்லி என்ன பயன்?