மோட்டார் இல்லாத நீரூற்று

ஜப்பான் போய் வந்தேன் என்றதும், புல்லட் ரயிலைப் பற்றி எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். ரயில்வேயில் ஆயுளைக் கழித்தவனிடம் வேறென்ன கேட்பார்கள்! ஆனால் 2015-ல் அந்த ரயில் எட்டிய கனசாவா நகரில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு தோட்டம். பெயர் கென்ரோகுஎன்.

மாயேதா வம்சத்துப் பிரபுக்கள் கோட்டைக்கு எதிரே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 1874-ல் பொதுமக்களுக்கு முறையாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 28 ஏக்கர். சிமெண்ட் யானை, வர்ண விளக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கல், நீர், பாசி, மரம். "இதற்கா டிக்கெட்?" என்றார் உடன் வந்தவர்.

அவரை நீரூற்றருகே அழைத்துப் போனேன். 1861-ல் அமைத்தது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. மேட்டிலுள்ள குளத்துக்கும் இதற்கும் இடையே உள்ள மட்ட வித்தியாசமே தண்ணீரைச் சுமார் மூன்றரை மீட்டர் உயர்த்துகிறது. அந்தக் குளத்துக்கு நீர் தருவது 1632-ல் வெட்டிய தத்சுமி கால்வாய். சுமார் 11 கிலோமீட்டர், அதில் சுரங்கமும் உண்டு. தோட்டத்துக்கும் கோட்டைக்கும் நடுவே பள்ளம். குழாயில் நீரை இறக்கி மறுகரையில் ஏற்றியிருக்கிறார்கள், தலைகீழ் சைபன் முறையில். நாங்கள் பயன்படுத்திய டம்பி லெவல் அவர்களுக்கு ஏது? மட்டம் பார்த்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கட்டியதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிது என்பது என் கட்சி. அங்கே பனி ஈரமாக, கனமாக விழும், கிளை ஒடிந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதி கம்பம் நட்டு, உச்சியிலிருந்து குடைக் கம்பிபோல் கயிறுகளை இறக்கிக் கிளைகளைத் தாங்கிக் கட்டத் தொடங்குகிறார்கள். கரசாகி என்ற ஒரு பைன் மரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 800 கயிறு! வசந்தம் வந்ததும் அவிழ்ப்பார்கள். அடுத்த நவம்பரில் மறுபடியும் அதே வேலை. தண்டவாளத்தில் தினம் நடந்து சாவி தட்டும் கீமேன் வேலை மாதிரிதான் இதுவும். மாலை மரியாதை கிடையாது.

இதை எழுதக் காரணம் உண்டு. நமது சங்கக் கட்டடத்தின் முன்பு நீரூற்று அமைக்க நன்கொடை திரட்டுகிறார்கள். இந்நகரில் திறப்பு விழாக் கண்ட நீரூற்றுகளில் எத்தனை இன்று ஓடுகின்றன? தொட்டிக்குள் காகிதக் கோப்பைதான் மிதக்கிறது. பணமில்லை என்பார்கள், நான் ஏற்கமாட்டேன். கல்வெட்டுக்குக் கிடைத்த பணம் வால்வு மாற்றக் கிடைக்காதா?

மதிப்பீட்டில் மோட்டார், பளிங்குக் கல், கல்வெட்டு எல்லாம் இருக்கின்றன. தோட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை. பத்து வருடச் சம்பளத்தை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிட்டுப் பிறகு குழி தோண்டட்டும். அந்த வைப்புக்கென்றால் என் பங்கை முதல் ஆளாகத் தருகிறேன்.