உளியை விட உளியைத் தாங்குவதே முக்கியம்



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது பெங்களூரில் இருக்கிறான். நேற்று போன் செய்தான். "சார், உங்களைப் பார்த்து நானும் சின்னதா ஒரு மரக்கடைசல் மிஷின் வாங்கிட்டேன். எட்டு உளி செட்டும் ஆர்டர் போட்டாச்சு. டூல் ரெஸ்ட் மிஷினோட வந்ததே போதும்தானே?"

போதாது தம்பி. உனக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ஆதாரப்புள்ளி, பளு, திறன். கடைசலில் அந்த ஆதாரப்புள்ளிதான் டூல் ரெஸ்ட். கைப்பக்கம் 12 அங்குலம், மரத்தின் பக்கம் அரை அங்குலம் என்றால் உன் கைக்கு 24 மடங்கு பலம். அந்த இடைவெளி 2 அங்குலம் ஆனால் வெறும் 6 மடங்குதான். மரம் உளியைக் கவ்வி இழுத்தால் யார் ஜெயிப்பார்கள்?

மூன்று வருடத்துக்கு முன் மரம்தான் ஜெயித்தது. பூரிக்கட்டை கடைந்துகொண்டிருந்தேன். மரம் மெலிய மெலிய இடைவெளி கூடியது. மிஷினை நிறுத்தி ரெஸ்ட்டை நகர்த்தச் சோம்பல். உளி கவ்வி, கட்டைவிரலில் மூன்று தையல். பாடம் நடத்தியவனே பாடத்தை மறந்தால் அப்படித்தான்.

விரல் ஆறியபின் நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், ஆடுதுறைக்குச் சற்று முன்னால். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் அங்கேதான் செய்கிறார்கள். பழைய வீடுகளில் உத்தரமாக இருந்து காய்ந்து இறுகிய ஆச்சா மரம். இரண்டரை அடி அளவுக்கு நீளம். நான் நின்று பார்த்த பட்டறையில், உளி தாங்கும் கட்டை மரத்தை ஒட்டியே இருந்தது. மரம் சற்று இளைத்ததும் நிறுத்தினார், கட்டையை நெருக்கினார், மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், பிறகுதான் ஓட்டினார். சீர்காழிக் கோயில் வாசலில் கேட்கும் நாதத்துக்குப் பின்னால் இந்தப் பொறுமையும் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ரெஸ்ட்டின் தண்டு உன் மிஷினின் துளைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 16 மில்லிமீட்டரா, 25 மில்லிமீட்டரா, ஒரு அங்குலமா என்று அளந்துவிட்டு வாங்கு. ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

2. ஒற்றைக் கால் ரெஸ்ட் ரொம்ப நீளமாக இருந்தால் ஓரத்தில் அதிரும். நீள வேலைக்கு இரண்டு கால் உள்ளது நல்லது. கிண்ணத்தின் உட்புறத்துக்கு வளைந்தது வேண்டும்.

3. மேல் விளிம்பில் கடினமான எஃகுக் கம்பி பதித்தது சிறந்தது. வார்ப்பிரும்பு என்றால் உளி பட்டுப் பள்ளம் விழும். அரத்தால் ராவி, மெழுகு தடவு.

உயரம், உளியின் கூர் மரத்தின் நடுக்கோட்டிலோ சற்று மேலோ படும்படி. இடைவெளி கால் அங்குலத்துக்குள். நகர்த்தும்போது மிஷின் நின்றிருக்க வேண்டும்.

எட்டு உளியில் ஐந்தைத் திருப்பி அனுப்பிவிடு. அந்தப் பணத்தில் நல்ல ரெஸ்ட் ஒன்று வாங்கு. முதல் பூரிக்கட்டை செய்ததும் படம் அனுப்பு. பத்து விரலும் படத்தில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார், சீர்காழி