குரல் போகும் வழி



சென்ற மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தங்கை என்னைத் தேடிக் களுவாஞ்சிக்குடிக்கு வந்தாள். கணவரைப் போரில் இழந்தவள். நன்றாகப் பாடுவாள். கோயில் திருவிழா அறிவித்தல், நினைவுநாள் பாடல், பாலர் பாடல் என்று வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து உழைக்கலாம் என எண்ணி, சேமித்த பணத்தில் சாமான்களை வாங்கிவிட்டாள். “எல்லாம் வாங்கிட்டன் அக்கா. எந்த வயரை எங்க குத்துறதெண்டுதான் தெரியல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு ஆம்பிளையக் கூப்பிட்டுக் கேக்க ஏலுமா?” என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முதல் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியம்மாவுக்குத் தன் தாய் பாடிய தாலாட்டு முழுவதும் மனப்பாடம். ஒருநாள் அவரை எங்கள் பின் அறையில் இருத்தி, முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தேன். பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. எல்லாம் சரி என்று நினைத்தேன். போட்டுக் கேட்டால், மின்விசிறிச் சத்தத்துக்கும் காகத்தின் கரைச்சலுக்கும் நடுவே, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல அவர் குரல். “இது என்ட குரலா மகள்?” என்று சிரித்தார். மைக்கில் பிழையில்லை. ஆனால் கணினியோ, தனக்குள்ளேயே இருக்கும் சின்ன மைக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை திரும்பப் பதிவோம் என்றேன். அடுத்த கிழமை அவர் ஆஸ்பத்திரியில். வீடு திரும்பவில்லை.

போரும் 2004 சுனாமியும் எங்களிடமிருந்து கொண்டுபோனவற்றுள் குரல்களும் உண்டு. மிஞ்சிய குரலையாவது நாங்கள் தவறவிடக் கூடாது.

வாய்க்காலை வரையுங்கள்

குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து, வக்கடை திறந்த வயலுக்குத்தான் பாயும். குரலும் அப்படித்தான். ஒரு தாளை எடுத்து அதன் வழியை வரையுங்கள். மைக்கிலிருந்து ‘இன்டர்பேஸ்’ எனப்படும் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து கணினிக்கு. கணினியிலிருந்து திரும்பவும் பெட்டிக்கு. அங்கிருந்து ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும். போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று. தாளைச் சுவரில் ஒட்டுங்கள். சத்தம் வராவிட்டால் பயப்படாமல், முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த வக்கடை அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வயருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். வயரின் இரு முனையிலும், அது போகும் துவாரத்தின் அருகிலும் அதே இலக்கத்தை ஒட்டுங்கள். பிள்ளைகள் கழற்றினாலும் இரண்டு நிமிடத்தில் திரும்பப் பூட்டலாம்.

மைக்கின் சமிக்ஞை மிகச் சிறியது. அதை மூன்று ஊசி வயரால் மைக் துவாரத்திலேயே கொடுக்க வேண்டும். கீபோர்டின் சமிக்ஞை பெரியது. அதற்கு ‘லைன்’ துவாரம். கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும். சாதாரண மேடை மைக்குக்கு அது தேவையில்லை.

மென்பொருளில் உள்ளீடு என்ற இடத்தில் உங்கள் பெட்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் விட்ட பிழை இதுதான். சந்தேகமானால் மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு கணினியைச் சுரண்டுங்கள். எதற்குத் திரையில் கோடு துள்ளுகிறதோ அதுதான் பதிவாகிறது.

உரத்துப் பாடும் இடத்தில் அளவுகோல் -12 அளவில் நிற்கட்டும். 0ஐத் தாண்டினால் குரல் உடைந்துவிடும். உடைந்ததைப் பிறகு ஒட்டுவது கடினம். பதியும்போது ஸ்பீக்கரை நிறுத்தி ஹெட்போனில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், எல்லாப் பிளக்குகளையும் ஒரே நீட்டுப் பலகையில் குத்துங்கள். மைக் வயரை மின்சார வயரோடு சேர்த்துச் சுற்ற வேண்டாம். இரைச்சலை நிறுத்த எர்த் ஊசியை வெட்டும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. போடும்போது ஸ்பீக்கர் கடைசி, நிறுத்தும்போது ஸ்பீக்கர் முதல்.

இது பெண்களின் கைக்குப் பழகிய வேலை

கீபோர்டில் குத்தும் பெரிய பிளக் பழைய தொலைபேசி நிலையங்களிலிருந்து வந்தது. யார் யாரோடு கதைக்க வேண்டுமோ, அவர்களின் துவாரங்களை வயரால் இணைப்பார்கள். 1878இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் அந்த வேலையில் சேர்ந்தார். பின்னர் பல நாடுகளிலும் அது பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்தது.

இன்னொரு தாயையும் நினைக்கிறேன். 1976இல் கணவர் ஆர்.கே. சேகர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் கரீமா பேகம். மகன் ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் சென்னை கோடம்பாக்கத்து வீட்டில் ஒலிப்பதிவு அறை கட்டியபோது, கருவி வாங்கப் பணமில்லை. முதல் ஒலிப்பதிவுக் கருவி அந்தத் தாயின் நகையால் வந்தது. 1992இல் ‘ரோஜா’ படப் பாடல்கள் அந்த அறையில் உருவாகின.

தோழிகளே, உங்கள் வீட்டில் அம்மம்மா இருந்தால், பெரிய கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியே போதும். முதலில் பத்து விநாடி பதிந்து போட்டுக் கேளுங்கள். சரியென்றால் முழுவதையும் பதியுங்கள். இரண்டு இடத்தில் சேமியுங்கள். அடுத்த கிழமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தத் தங்கை தன் தாளை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாள். முதல் பதிவு அவளது தாயின் குரல்.

அடுத்த மாதம் சந்திப்போம்.