கல்லை எண்ணும் கால்கள்

சென்னையின் பழைய கிறிஸ்தவத் தலங்களை நடந்தே காட்டும் 'மரபு நடை'கள் இன்று பெருகி வருகின்றன. மயிலைப் பிரகாச மாதா ஆலயம், சாந்தோம் பேராலயம் என ஒவ்வொன்றின் முன்னும் கூட்டம் சில நிமிடங்கள் நிற்கிறது. ஆண்டு சொல்லப்படுகிறது, கோபுரம் படமெடுக்கப்படுகிறது, கூட்டம் நகர்கிறது. இதில் என்ன குறை என்று கேட்பார் உளர். குறை இரண்டு என்போம். இந்நடைகளுள் பல தவறான இடத்தில் தொடங்குகின்றன; தவறான இடத்தில் முடிகின்றன.

பிரகாச மாதா ஆலயக் கல்வெட்டு காட்டும் 1516ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டைக் குறித்தே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்போர் மனத்தில் பதிவது யாது? நம் விசுவாசம் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்பதே! இது உண்மையன்று. அவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, திருத்தூதர் தோமையாரின் கல்லறையை நாடிக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் திருப்பயணம் வந்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்தார். நோயுற்றோருக்கு மருந்தாக அவ்விடத்து மண்ணை எடுத்துச் சென்றதையும் குறித்தார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையில் இருப்பது போர்த்துக்கீசிய எழுத்தன்று. பாரசீகத்தின் பகலவி எழுத்து.

தோமையாரின் வருகை நாம் போற்றும் மரபு. அச்சிலுவை கண்முன் நிற்கும் சான்று. இரண்டையும் கலக்காமல் சொல்வதால் விசுவாசம் குன்றாது. மரபை ஆவணம்போல் முழங்குவதும், ஆவணம் இல்லை என்று மரபை எள்ளி ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

பிற சமயத்தார் வரும் நடையில் மறையுரை ஆற்ற முடியுமா என்பர் சிலர். மறையுரையை நாம் கேட்கவில்லை. முழு உண்மையையே கேட்கிறோம். சாந்தோமின் இன்றைய கோதிக் கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, அது எந்தக் கல்லறையின்மேல் எழுந்தது, அங்கே இன்றும் மக்கள் ஏன் முழந்தாளிடுகின்றனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நடுநிலைமை ஆகுமா? உடலைக் காட்டி உயிரை மறைப்பதே அது.

முடிவும் அவ்வாறே. நடை முகப்பில் முடிகிறது, மனிதரிடம் சேர்வதில்லை. பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர் பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தார். திருப்பயணிகள் அடையாற்றைக் கடக்க 1726இல் சைதாப்பேட்டையில் தம் பொருளால் பாலமும் கட்டினார். அப்பாலம் இன்றில்லை, அதனிடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. ஆனால் ஒரு வணிகரின் செல்வம் ஏழைத் திருப்பயணியின் கால்களுக்கு வழியாயிற்று என்பதைவிடச் சிறந்த கிறிஸ்தவ வரலாறு எந்தக் கோபுரத்தில் உண்டு?

வழிகாட்டிகளைக் குறைகூறி அமர்வதால் பயனில்லை. பொதுநிலையினரே, இது உங்கள் பணி. ஒவ்வொரு பழைய பங்கிலும் இளைஞர் சிலர் தம் ஆலயத்தின் கல்வெட்டையும் கல்லறைகளையும் பதிவேடுகளையும் கற்றுத் தெளியட்டும். வருவோரை வாசலில் வரவேற்று உண்மையை உரைக்கட்டும்; பின் ஒரு நிமிடம் உள்ளே மௌனமாக அமரச் செய்யட்டும். பரங்கிமலைப் படிகள் எண்ணிப் பார்ப்பதற்காக இடப்பட்டவை அல்ல; ஏறிச்சென்று செபிப்பதற்காக இடப்பட்டவை.