உயிர் தப்பியாச்சு... கை-கால் தப்புமா? ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் நோயாளிகள் படும் பாடு!

சங்கரன்கோவில்-

விபத்தில் அடிபட்டாலும் சரி, பக்கவாதம் வந்து விழுந்தாலும் சரி, உயிரைக் காப்பாற்ற இன்று வழி இருக்கிறது. போன் போட்டால் 108 வண்டி வந்து நிற்கிறது. ஆனால் உயிர் தப்பி வீட்டுக்கு வந்தவரை மறுபடி எழுந்து நடக்க வைப்பது யார்? இந்தக் கேள்விக்குத்தான் இன்னும் சரியான பதில் இல்லை.

48 மணி நேரம்

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள் நடந்தன. 17 ஆயிரத்து 884 பேர் செத்தார்கள். இந்தச் சாவைக் குறைக்க வந்ததுதான் "இன்னுயிர் காப்போம்- நம்மைக் காக்கும் 48" திட்டம். 2021 டிசம்பர் 18-ந்தேதி மேல்மருவத்தூரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் காசு வாங்காமல் வைத்தியம். நல்ல திட்டம்தான்.

ஆனால் 49-வது மணி நேரத்தில் இருந்து வேறு கதை தொடங்குகிறது. விபத்துக் கணக்கில் செத்தவர் வருவார், காயம் பட்டவர் வருவார். காயம் பட்டவர் மறுபடி வேலைக்குப் போனாரா, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாரா என்பது அதில் வராது.

தறியும் விரலும்

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி ஓட்டுகிற ஒருவருக்கு ஒரு பக்கம் இழுத்துக் கொண்டது என்று வைத்துக் கொள்வோம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். டாக்டர்கள் பிழைக்க வைத்து விடுகிறார்கள். சில நாளில் மாத்திரையும் சீட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் வேண்டும். தறிகளுக்கு நடுவே பொழுதெல்லாம் நிற்கக் கால் வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நெய்த அளவுக்குக் கூலி வாங்கும் ஆளுக்குப் பிழைப்பு ஏது? அவரைப் பார்த்துக் கொள்ள மனைவியும் வேலையை விட வேண்டியதுதான். ஒரு நோய், இரண்டு கூலி போச்சு!

3 மாதம்

பக்கவாதத்தில் இழந்த அசைவு பெரும்பாலும் முதல் 3 மாதத்தில்தான் வேகமாகத் திரும்புகிறது. அந்த நேரத்தில் தினமும் முறையான பயிற்சி வேண்டும். பிறகும் முன்னேற்றம் உண்டு. ஆனால் மெதுவாகத்தான் வரும்.

பயிற்சி இல்லாவிட்டால் மூட்டு இறுகி விடுகிறது. சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்பட்டை நழுவி விடுகிறது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கா விட்டால் படுக்கைப் புண் வருகிறது. விழுங்க முடியாதவருக்கு அவசரமாகத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் சளிக்காய்ச்சலில் உயிரையே வாங்கி விடும்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில்தான் புறா ரத்தம் தேய்ப்பதும், கண்ட எண்ணெயைப் பூசுவதும் நடக்கிறது. கையில் இருந்த காசும் போகிறது. கிடைத்தற்கரிய 3 மாதமும் போகிறது.

ஒரு யூனியனுக்கு ஒருவர்

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வரும் என்று அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் 1 கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டி கொடுக்கப்பட்டது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

மாத்திரை கொடுப்பதற்கு அந்தந்த ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். பிசியோதெரபிக்கோ ஒரு யூனியனுக்கு ஒருவர் என்பதுதான் திட்டத்தின் ஏற்பாடு. மாத்திரையை மாதம் ஒரு தரம் கொடுத்தால் போதும். பயிற்சி அப்படியா? ஒரே ஆள் ஊர் ஊராகச் சுற்றி வந்து, அதே வீட்டுக்கு மறுபடி எப்போது வருவார்?

ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றால் தென்காசி சுமார் 40 கிலோமீட்டர். பாளையங்கோட்டை 50 கிலோமீட்டருக்கு மேல். நடக்க முடியாதவரைப் பஸ்சில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கார் பிடித்தால் கையில் இருப்பது காலி.

ஆய்க்குடி காட்டும் வழி

இத்தனைக்கும் இதே தென்காசி மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1975-ல் கப்பற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். அப்போது அவர் என்ஜினீயரிங் மாணவர். சொந்த ஊரான ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை டாக்டர் அமர்ஜித்சிங் சகலின் பெயரையே வைத்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அங்கே பயிற்சியும் பிழைக்க வழியும் கிடைக்கிறது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஒரு தனி மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தபடி செய்து காட்டியதை, கட்டிடமும் சம்பளமும் வைத்திருக்கும் அரசு தாலுகா தோறும் செய்ய முடியாதா?

மூன்றில் ஒருவர்

இது சங்கரன்கோவில் கவலை மட்டும் அல்ல. உலகத்தில் 240 கோடி பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, இந்த மறுவாழ்வு சிகிச்சை பயன்படும் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதைச் சாதாரண வைத்தியத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உலக சுகாதார சபை தீர்மானமே போட்டது.

என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் கொட்ட வேண்டியது இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றே நோயாளியின் பெயர் அந்த ஊர் நர்சுக்குப் போய்ச் சேர வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் சில படுக்கைகளை பயிற்சிக்கென்றே ஒதுக்கலாம். யூனியனுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டு என்பதைக் கூட்டலாம். எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தே அனுப்பலாம்.

வீட்டுக்காரர்களும் சீட்டை வாங்கிக் கொண்டு பேசாமல் வந்து விடக்கூடாது. "என்ன பயிற்சி? யார் கொடுப்பார்கள்? அடுத்து எப்போது வரணும்?" என்று கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

உயிரைக் காப்பாற்ற அரசு லட்சம் செலவழிக்கிறது. அந்த உயிர் மூலையில் முடங்கிக் கிடந்தால், செலவழித்த லட்சத்துக்கு என்ன பலன்? சுகாதாரத் துறை கணக்குப் போட்டுப் பார்க்குமா?