அடுப்புக்கும் கணக்கு வேண்டும்

போன தை மாசக் கடைசியில் எங்கள் வைக்கோல் போரில் பாதி எரிந்துபோனது. யாரும் வந்து வைத்த நெருப்பு இல்லை. என் கையால் நானே கொண்டுபோய்க் கொட்டினது.

முதல் நாள் சாயங்காலம் சென்னையிலிருந்து நண்பர்கள் சிலர் தூயமல்லி அறுவடை பார்க்க வந்திருந்தார்கள். பேரலைப் பாதியாக அறுத்துச் செய்த அடுப்பில் கரி போட்டு, சோளம், கத்தரிக்காய், நாட்டுக்கோழி எல்லாம் சுட்டுச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். குழிக்குப் பக்கத்தில்தான் போர். மத்தியானம் காற்று எடுத்தது. புகையைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் ஓடி வந்தார்கள். மோட்டாரைப் போட்டு, பைப்பை இழுத்து, பாதியைக் காப்பாற்றினோம். இரண்டு மாட்டுக்கும் ஒரு கன்றுக்கும் வைகாசி வரை வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டியதாகிவிட்டது.

அம்மா திட்டவில்லை. "சாம்பல் மேலதான்டா ஆறும், உள்ள ஆறாது. இது தெரியாமத்தான் இத்தனை வருஷம் சோறு தின்னியா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தச் சுடும் அடுப்பு இப்போது பல இயற்கைப் பண்ணைகளில் வந்துவிட்டது. விருந்தாளி வருகிறார்கள், நாலு பேர் நம் அரிசியை வாங்குகிறார்கள். அதற்கு நான் எதிரி இல்லை. என் வருத்தம் வேறு. வயலுக்குள் என்ன போகிறது என்று ஆயிரம் கேள்வி கேட்கிற நாம், அந்த அடுப்புக்குள் என்ன போகிறது, அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

முதலில் அந்தப் பேரல். பழைய இரும்புக் கடையில் "ஆயில் இருந்த பேரல்தான் சார்" என்பார்கள். ஆயிலாகவும் இருக்கலாம், பெயின்டாகவும் இருக்கலாம், பூச்சிமருந்துச் சரக்காகவும் இருக்கலாம். யார் கண்டது? உள்ளே பூச்சு வேறு இருக்கும். ஒரு சொட்டு விஷம் அடிக்காமல் விளைவித்த கத்தரிக்காயை அதில் வைத்துச் சுடுகிறோம். மேலே போடுகிற வலையும் அப்படித்தான். வெள்ளையாகப் பளபளக்கும் ஜி.ஐ. வலை வேலிக்குச் செய்தது. அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அதிகச் சூட்டில் அது புகையாக வரும். வெல்டிங் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், அந்தப் புகையைச் சுவாசித்த ராத்திரி குளிர்காய்ச்சல் எப்படி வரும் என்று சொல்வார்கள். நான் பேரலை எடுத்துவிட்டு, மூன்று பக்கம் செங்கல், களிமண் வைத்துக் கட்டி, பூச்சில்லாத இரும்புக் கம்பியில் ஒரு தட்டு அடித்துப் போட்டுவிட்டேன். செலவு பேரலை விடக் குறைவு.

எரிப்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். சவுக்கு, கருவேலம், கொட்டாங்குச்சி போதும். ஆனால் பற்ற வைக்க அவசரத்தில் பாலிதீன் கவர், உடைந்த பி.வி.சி. பைப், பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பிளைவுட் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை நுழைக்கிறார்கள். பி.வி.சி. எரிந்தால் டயாக்சின் உண்டாகும். பெயின்டில் ஈயம் இருந்தால் அது சாம்பலில்தான் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் அசுவினிக்கு மருந்து என்று அவரைச் செடி மேல் தூவுகிறோம்.

சாம்பல் நல்லதுதான். சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு. பனி காயும் முன்னே இலை மேல் தூவினால் பூச்சி ஒதுங்கும். ஆனால் அது காரம். ஈரச் சாணத்தோடும் கோமியத்தோடும் கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்; மூக்கைத் துளைக்கிற அந்த நாத்தம் நம் காசு. அதனால் எருக்குழியில் சாம்பலைக் கொட்டுவதே தப்பு, நெருப்பு இல்லாவிட்டாலும். களர் நிலத்துக்கும் போடக் கூடாது.

நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைக்காகப் பேசுகிறோம். அதில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்றும் இருக்கிறது. 1,100 வருஷத்துக்கு முன்னே தோட்டத்துக்குக் கணக்குக் கேட்ட ஊரில் நாம் ஒரு அடுப்புக்குக் கணக்கு வைக்க மாட்டோமா?

அடுத்தது, யார் கழுவுகிறார்கள் என்பது. சுடுகிற வரைக்கும் ஆம்பளைங்க சுற்றி நிற்போம், விசிறுவோம், போட்டோ எடுப்போம். மறுநாள் காலையில் கொழுப்பு இறுகிப்போன தட்டு கிணற்றடியில் கிடக்கும், தேய்ப்பது வீட்டுக்காரம்மா. சாம்பலும் கொழுப்பும் சேர்ந்தால் சோப்பு மாதிரி ஆகும், கறை விடும், உண்மைதான். ஆனால் அதே காரம் கையையும் அரிக்கும். என் மனைவியின் விரல் வெடித்திருந்ததைப் போர் எரிந்த வாரம்தான் கவனித்தேன். இப்போது சுடுகிறவனே சுத்தம் செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் சூடு இருக்கும்போதே, உரித்த தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. ஆறவிட்டால் அரை மணி.

கடையில் விற்கும் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பி உதிர்ந்து தட்டில் ஒட்டி, உணவோடு உள்ளே போய்விடும். அமெரிக்காவில் ராட் ஐலண்டில் 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூன் வரை ஒரே ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 6 பேர் இப்படிக் கம்பியை விழுங்கி வந்ததை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் வெளியிட்டது. சிலருக்குத் தொண்டையில், சிலருக்குக் குடலில். தேங்காய் நாருக்கு அந்தப் பயம் இல்லை, காசும் இல்லை.

தேய்த்த தட்டைக் காயவைத்து, செக்குக் கடலை எண்ணெய் லேசாகத் தடவிக் கொட்டகையில் மாட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சாம்பலோடு கிடந்த என் பேரலின் அடிப்பகுதி ஒரே வருஷத்தில் ஓட்டையாகிப் போனது.

சாம்பலுக்கு ஒரு மூடி போட்ட தகர டின் வைத்திருக்கிறேன். தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடி தெளித்து, அதில் இரண்டு நாள் கிடக்கும். மூன்றாம் நாள் அம்மா வந்து கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் டின் தோட்டத்துக்குப் போகும்.