"பேர் மட்டும்தான் மாறுது!" - சிஸ்டர் கம்பெனிக்குப் போகச் சொன்னால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"நம்ம குரூப் கம்பெனிதான்மா. அதே பில்டிங், அதே சீட், அதே சம்பளம். பேர் மட்டும்தான் மாறுது. இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து... அவ்வளவுதான்!"

சென்ற மாதம் என் தோழியிடம் அவளுடைய ஹெச்.ஆர் மேனேஜர் சொன்னது இது. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள். சேர்ந்து 4 வருஷம் 3 மாதம். அவள் முன்னால் இரண்டு தாள்கள் வைக்கப்பட்டன. ஒன்று, 'சொந்தக் காரணங்களுக்காக' விலகுவதாக ஏற்கெனவே டைப் செய்யப்பட்ட ராஜினாமாக் கடிதம். இன்னொன்று, அதே முதலாளியின் வேறொரு நிறுவனத்தில் புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று வந்துவிட்டாள். அவளுடைய அப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு தாளையும் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சரி கண்ணு, இந்த நாலு வருஷம் எங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு இரண்டு தாளிலுமே பதில் இல்லை.

ஒரே குழுமம், ஒரே முதலாளி என்றாலும், சட்டத்தின் பார்வையில் தனித்தனியாகப் பதிவான ஒவ்வொரு கம்பெனியும் தனி 'ஆள்'. அந்த ஆளிடம் ராஜினாமா கொடுத்தால் உறவு முடிந்தது. அடுத்த நாள் பக்கத்து ஆளிடம் சேர்ந்தால் நீங்கள் புதுசு. ஏசி அதே ஏசியாக இருக்கலாம், சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

பெரிய அடி கிராஜுவிட்டியில். நிரந்தர ஊழியருக்கு ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் அது கிடைக்கும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் ஆகியிருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது, என் தோழி இன்னும் ஒரு ஐந்து மாதம் தாண்டிவிட்டால் உரிமையோடு கேட்கலாம். இப்போதே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை போச்சு. அங்கே போய் மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.

தொகை எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். வருஷத்துக்கு 15,000 ரூபாய். இங்கே நாலு வருஷம், அங்கே நாலு வருஷம் என்று எட்டு வருஷம் உழைத்து வெளியே வருபவருக்கு, சர்வீஸ் தொடர்ந்திருந்தால் 1,20,000 ரூபாய். நடுவில் வெட்டியிருந்தால் ஒரு பைசா இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத்தான் அதே ஐந்து!

பி.எஃப்-பில் இவ்வளவு பயப்பட வேண்டாம். யு.ஏ.என் ஒன்றுதான் என்பதால் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேர்த்துவிடலாம். "அதான் ரிலீவ் ஆயிட்டோமே" என்று பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டு முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் அந்தக் கணக்கில் சேரும். அப்புறம், நிதியாண்டின் நடுவில் மாறினால் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். மொத்தத்தையும் ரிட்டர்ன் போடும்போது நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சரி, 'போக மாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

முடியும். ஊழியரின் சம்மதம் இல்லாமல் அவரை இன்னொரு முதலாளியிடம் மாற்ற முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. 1968-ல் ஒரு பீடித் தொழிற்சாலை வழக்கில் சொன்னது. 2011-ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கொல்கத்தா தொழிற்சாலை வேறு நிர்வாகத்துக்குக் கைமாறியபோதும், விருப்பமில்லாத தொழிலாளர்களைப் புதிய நிர்வாகத்தின் கீழ் வேலைசெய்யக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்றது. தொழிற்சாலையே கைமாறும்போது கொடுக்க வேண்டிய அந்த இழப்பீடு புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. மேனேஜர்களும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் அதற்கு வெளியே. அவர்களுக்குக் கையில் இருக்கும் ஒப்பந்தம்தான் துணை.

அந்த ஒப்பந்தத்தில்தான் வில்லங்கமும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் மூன்றாவது பக்கத்தைப் படித்திருக்கிறோம்? 'குழுமத்தின் எந்த நிறுவனத்துக்கும் உங்களை மாற்றலாம்' என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். "அன்னைக்கே சம்மதிச்சுட்டீங்களே" என்று அதைத்தான் காட்டுவார்கள். என் ஆர்டரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது!

முடியாது என்று மறுப்பது சட்டப்படி சரி என்றாலும், மறுத்த பிறகு அதே ஆபீஸில் தினமும் போய் உட்கார வேண்டுமே, அது சட்டப் புத்தகத்தில் இல்லாத கஷ்டம். மாற்றம் எல்லாமே ஏமாற்று வேலையும் இல்லை. வளர்கிற கம்பெனிக்குப் போய்ப் பெரிய பொறுப்புக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வது, போவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வகையில் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். டெபுடேஷன் என்றால் நீங்கள் பழைய கம்பெனியின் ஆள்தான், வேலை மட்டும் அங்கே. டிரான்ஸ்ஃபர் என்றால் 'முந்தைய சர்வீஸ் தொடரும், முதலில் சேர்ந்த தேதியே சேர்ந்த தேதி' என்று எழுத்தில் வர வேண்டும், புதிய கம்பெனியின் லெட்டர்ஹெட்டில். ராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேரச் சொன்னால் மட்டும் உடனே பேனாவை எடுக்காதீர்கள். புது ஆர்டரில் புரொபேஷன் இருக்கிறதா, சேர்ந்திருக்கும் லீவு என்ன ஆகும், மெடிக்கல் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

தோழி சண்டை எல்லாம் போடவில்லை. "சார், டிரான்ஸ்ஃபர் லெட்டரா கொடுத்துடுங்களேன். பழைய சர்வீஸ் தொடரும்னு ஒரு லைன் மட்டும் சேர்த்துடுங்க" என்று மெயில் அனுப்பினாள். "ஹெட் ஆபீஸ்ல கேட்கணும்மா" என்றார்கள். மூன்று வாரம் பதிலே இல்லை. இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். கடைசியில் அந்த ஒரு வரி வந்தது.

அவளோடு சேர்த்து அன்றைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் 11 பேர். ஆறு பேர் முதல் நாளே இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் அங்கே ஒன்பது வருஷமாக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கான கிராஜுவிட்டி அவருக்குச் சட்டப்படி வரவேண்டியது என்பதே, தோழி இந்த மெயிலைக் காட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது அதைக் கேட்டு அவரும் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார்.